ஒரே ஆள் நடத்தும் தொழிலில் யாரிடம் ஒப்புதல் வாங்குவது?

நேற்று ராத்திரி பத்தே முக்காலுக்கு ஒரு பில் அனுப்ப உட்கார்ந்தேன். ஒரே ஒரு பில். மூன்று வரி, ஒரு மொத்தம், கீழே என் பெயர். அனுப்பி முடித்தபோது மணி ஒன்று பத்து. அந்த நேரத்தில் ஒரு புத்தகத்தின் இரண்டு அத்தியாயங்களுக்குப் பக்கம் வடிவமைத்திருப்பேன். அதுதான் என் தொழில், அதற்குத்தான் எனக்குக் காசு. பில் அனுப்புவதற்கு யாரும் எனக்குக் காசு தருவதில்லை.

தனி ஆளாகத் தொழில் நடத்துகிற எல்லாருக்கும் இப்படி ஒரு ராத்திரி வந்திருக்கும். வராதவர்களுக்கு இனிமேல் வரும்.

ஆறு வருடமாக நான் பயன்படுத்தும் பில் ஆப் அது. திறந்தேன். லாகின் காலாவதி. பாஸ்வேர்டு போட்டேன், போனில் வரும் ஆறு இலக்க எண்ணைக் கேட்டது. போன் பக்கத்து அறையில் சார்ஜில் கிடந்தது. அந்த எண்ணுக்கு ஆயுசு முப்பது விநாடி. எடுத்து வந்து நான்கு இலக்கம் தட்டுவதற்குள் மாறிவிட்டது. சரி, பாதுகாப்பு வேண்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. அடுத்த எண்ணைப் போட்டு உள்ளே போனேன்.

திரை இருண்டது. நடுவில் ஒரு கட்டம் எழுந்தது: 'உங்களுக்காகப் புதுப்பித்திருக்கிறோம்!' நான் கேட்டேனா? ஏழு அட்டைகள், ஒவ்வொன்றிலும் 'அடுத்து', 'அடுத்து'. தவிர்ப்பதற்கான பொத்தான் மேல் மூலையில் இருந்தது, வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்தில். ஓர் எழுத்தைக் கண்ணில் படாமல் எப்படி வைப்பது என்று பக்கம் வடிவமைக்கிறவர்களுக்குத் தெரியும். அது கைதவறி நடக்கிற காரியம் இல்லை. யாரோ சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து அந்தச் சாம்பலைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

அட்டைகள் முடிந்ததும் ஒரு கேள்வி. பதில் சொல்லாமல் நகர முடியாது. 'உங்கள் நிறுவனத்தில் எத்தனை பேர்?' கீழே தெரிவுகள்: 2 முதல் 10 வரை, 11 முதல் 50 வரை, 51 முதல் 200 வரை, அதற்கும் மேல். ஒன்று என்பது இல்லவே இல்லை. முழுக்கத் தேடினேன். மவுஸ் சக்கரத்தை உருட்டினேன், கட்டத்தை இழுத்துப் பார்த்தேன், பக்கத்தை மறுபடி ஏற்றினேன். இல்லை. உலகத்தில் தனி ஆளாக உட்கார்ந்து தைக்கிறவர், படம் வரைகிறவர், மொழிபெயர்க்கிறவர், மெய்ப்பு பார்க்கிறவர், பாட்டு வகுப்பு எடுக்கிறவர் யாருமே அந்தக் கேள்வியை எழுதியவர் கண்ணில் படவில்லையா? 'சிறு தொழிலுக்கான எளிய கருவி' என்று விளம்பரம் செய்துதானே என்னை உள்ளே கூப்பிட்டார்கள்? வேறு வழியில்லாமல் 2 முதல் 10 என்று அழுத்தினேன்.

அந்த ஒரு பொய்தான் என்னை மாட்டிவிட்டது. 'அருமை! இப்போது உங்கள் டீமை அழையுங்கள்' என்றது. அழைக்க யார் இருக்கிறார்கள்? தாண்டிப் போய், ஒருவழியாகப் பில்லைத் தட்டினேன். கஸ்டமர் பெயர், வேலை, தொகை. நான்கு நிமிடம். 'அனுப்பு' இருந்த இடத்தில் இப்போது 'ஒப்புதலுக்கு அனுப்பு' என்று இருக்கிறது. யாருடைய ஒப்புதலுக்கு? அழுத்தினேன். 'உங்கள் நிர்வாகிக்குத் தகவல் போய்விட்டது' என்றது. அந்த நிர்வாகி நான்தான். மெயிலைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. பத்து நிமிடம் காத்திருந்தேன். அப்புறம் ஸ்பேமில் கிடைத்தது: 'உங்கள் குழுவில் ஒருவர் உங்கள் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறார்.' ஆமாம், காத்திருக்கிறேன், ராத்திரி பதினொன்றே காலுக்கு, என் ஒப்புதலுக்காக நானே. ஒப்புதல் பொத்தானை அழுத்தினேன். 'இந்த வசதி கட்டணத் திட்டத்தில் மட்டுமே.'

ஒரு நிமிடம் அந்த வரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் கேட்காத ஒரு பூட்டை என் வீட்டுக் கதவில் மாட்டிவிட்டு, சாவிக்குக் காசு கேட்கிறார்கள்.

காசு கொடுக்க எனக்குக் கசப்பில்லை. செய்தவருக்குக் கூலி வேண்டும், நானும் கூலிக்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன். திட்டப் பட்டியலைத் திறந்தேன். ஓர் ஆளுக்கு மாதம் இவ்வளவு, சரி. கீழே பொடி எழுத்தில்: 'குறைந்தபட்சம் மூன்று பயனர்கள்.' அதாவது, மாதம் ஏழெட்டு பில் போடுவதற்கு, இல்லாத இரண்டு பேருக்கும் சேர்த்து நான் மாதாமாதம் கட்ட வேண்டும். அது எந்த ஊர் நியாயம்? இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே வலது ஓரத்தில் ஒரு வட்டம் துள்ளி வந்தது. ஏஐ உதவியாளராம். பில்லின் மொத்தத் தொகை மேலேயே போய் உட்கார்ந்துகொண்டு, 'இந்தப் பில்லை இன்னும் அன்பான தொனியில் எழுதித் தரட்டுமா?' என்று கேட்டது. வேண்டாம். தொகை தெரிந்தால் போதும். தள்ளிப் போ.

அங்கேதான் முடிவு செய்தேன், ஆறு வருடக் கணக்கையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவது என்று. உண்மையான கொடுமை அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

ஏற்றுமதி என்ற சொல்லை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள் தெரியுமா? அமைப்புகள், அதற்குள் கணக்கு, அதற்குள் மேம்பட்டவை, அதற்கும் அடியில். 'கணக்கை நிரந்தரமாக நீக்கு' என்ற சிவப்புப் பொத்தானுக்கு ஒரு விரல் தூரத்தில். அழுத்தியதும் ஒரு சிஎஸ்வி கோப்பு வந்தது. சிஎஸ்வி என்பது வெறும் எழுத்துதான், காற்புள்ளி போட்டுப் பிரித்த வரிகள். அதில் கெட்டுப்போக ஒன்றும் இல்லை. திறக்கிற இடத்தில்தான் கெடுக்கிறார்கள்.

இரண்டு தட்டு தட்டினேன், ஸ்ப்ரெட்ஷீட்டில் திறந்தது. போன் எண்களில் முன்னால் இருந்த சுழியம் எல்லாம் காணோம். என் பில் எண்கள் 3-11 மாதிரி இருக்கும்: மூன்றாவது கஸ்டமருக்குப் போட்ட பதினோராவது பில். அது '3 நவம்பர்' ஆகியிருந்தது. 3-40 என்ற பில் 'மார்ச் 1940' ஆகியிருந்தது. 1940ல் நான் யாருக்குப் பில் போட்டேன்? திரும்ப எழுத்தாக மாற்றிப் பார்த்தேன், ஐந்து இலக்கத்தில் ஏதோ ஓர் எண் வந்தது. உள்ளே அது தேதியைத் தேதியாகவே வைப்பதில்லை, 1900 ஜனவரி 1ஐ ஒன்று என்று வைத்து எண்ணிய நாள் கணக்காக வைக்கிறது. நான் எழுதிய 3-11 எங்கேயும் இல்லை. என்னைக் கேட்காமல் அழித்துவிட்டது.

இது எனக்கு மட்டும் நடக்கிற கதை இல்லை. மார்ச்1, செப்ட்1 என்று மனித மரபணுக்கள் சில இருந்தன. ஸ்ப்ரெட்ஷீட் அவற்றையும் தேதியாக்கி ஆராய்ச்சிக் கட்டுரைகளின் பட்டியல்களையே கெடுத்தது. கடைசியில் மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் ஹியூகோ குழு 2020ல் விதிமுறையையே திருத்தியது. இப்போது அவை மார்ச்எஃப்1, செப்டின்1. அப்போது மென்பொருள் திருந்தவில்லை, மனித மரபணு பெயரை மாற்றிக்கொண்டது! அவர்களுக்கே அந்தக் கதி என்றால் என் பில் எண்ணை யார் கேட்கப் போகிறார்கள்?

கஸ்டமர்களின் பெயர்களைப் பார்த்தபோதுதான் எனக்குக் கை நடுங்கியது. தமிழில் இருந்த ஒவ்வொரு பெயரும் கொம்பும் தொப்பியும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாகக் குவிந்து கிடந்தது. இந்தக் குப்பைக்குக் காரணம் ரொம்பச் சின்னது. யூடிஎஃப்-8 என்பது எழுத்துகளைக் கம்ப்யூட்டருக்குள் எண்களாக வைக்கும் முறை. அதில் ஒரு 'க'வுக்கு மூன்று பைட். அந்த மூன்றையும் சேர்த்து ஓர் எழுத்தாகப் படிக்காமல், பழைய ஐரோப்பிய எழுத்து அட்டவணையை வைத்துத் தனித்தனி எழுத்தாகப் படித்தால் இப்படித்தான் வரும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுவாக எண் கொடுக்கும் யூனிகோடின், 1991ல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இருக்கிறது. முப்பது வருடத்துக்கும் மேலாகிவிட்டது. இன்னும் ஒரு கோப்பைத் திறந்தால் நம் எழுத்து நம் எழுத்தாக வருவதற்குக் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

வழி இருக்கிறது, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிஎஸ்வியை நேராகத் தட்டித் திறக்காதீர்கள். காலித் தாளைத் திறந்து, உள்ளிருந்து இறக்குமதி செய்து, யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்து, எண் உள்ள ஒவ்வொரு பத்தியையும் 'உரை' என்று குறியுங்கள். சுழியம், பில் எண், பெயர் எல்லாம் அப்படியே வரும். ஆனால் நான் அதற்குள் பழக்கதோஷத்தில் சேவ் அழுத்தியாகிவிட்டது. மறுபடி ஏற்றுமதி செய்யப் போனால், 'நாளுக்கு ஒரு முறை மட்டும்.' என் கணக்கு, நான் தட்டிய எழுத்து, எனக்கு ரேஷன்! அனுப்பிய பில்களின் பிடிஎஃப் மெயிலில் இருந்ததால் தப்பித்தேன்.

தனி ஆளுக்கு என்னதான் வேண்டும்? யாருக்கு, என்ன வேலை, எவ்வளவு, எப்போது அனுப்பினேன், காசு வந்ததா. ஐந்து பத்தி, அவ்வளவுதான். இதற்கு டேஷ்போர்டு வேண்டாம். வட்ட வரைபடம் வேண்டாம். பில் போட்டால் வெடிக்கும் வண்ணக் காகிதத் துண்டுகள் வேண்டாம். காலண்டர் ஆப் ஒரு கணக்கு கேட்கிறது, வேலைப் பட்டியல் ஆப் இன்னொரு கணக்கு கேட்கிறது, நேரம் குறிக்கும் ஆப் 'நேற்று நீங்கள் வரவில்லையே' என்று மெயில் போடுகிறது. நான் ஏன் வர வேண்டும், நீ என்ன எனக்கு மேலதிகாரியா? நேரத்தை மிச்சப்படுத்தத்தான் உன்னை வைத்தேன். என் வேலையைப் பார்க்கத் துணைக்கு வந்தவன், அவன் வேலையையும் சேர்த்து என் தலையில் கட்டுகிறான்.

பன்னிரண்டே முக்காலுக்கு அந்த ஆப்பை மூடினேன். வெறும் எழுத்துக் கோப்பு ஒன்றைத் திறந்து, என் பெயர், கஸ்டமர் பெயர், மூன்று வரி, மொத்தம் என்று தட்டி, ஒரு கோடு போட்டு, பிடிஎஃப் ஆக்கினேன். கோப்பின் பெயரில் முதலில் வருடம், அப்புறம் மாதம், அப்புறம் தேதி. அப்படி வைத்தால் எந்தக் கம்ப்யூட்டரிலும் தானாக வரிசையில் நிற்கும், அதற்கு எந்த ஆப்பும் வேண்டாம். ஆறு நிமிடம் ஆனது. மீதி நேரம் பழைய பிடிஎஃப்களை ஒரு ஃபோல்டரில் இறக்கி, அதையே ஒரு பென்டிரைவிலும் போட்டு வைத்தேன். ஒன்று பத்துக்குப் பில் போய்ச் சேர்ந்தது. எவரும் ஒப்புதல் கேட்கவில்லை.

இன்று காலை கஸ்டமரிடமிருந்து பதில். பில்லில் முகவரியை மாற்ற வேண்டுமாம். நியாயம், ஒரு நிமிட வேலை. புது முகவரியை எப்படி அனுப்பியிருக்கிறார்? வாய்ஸ் மெசேஜ். நாலு நிமிடம் பன்னிரண்டு விநாடி. முதல் இரண்டு நிமிடம் அவர் ஏன் இடம் மாறினார் என்ற கதை. ஒரு முகவரியை எழுத்தில் தட்டினால் விரல் தேய்ந்துவிடுமா? சரியாகக் கதவு எண்ணைச் சொல்லும் இடத்தில் பின்னால் யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள். பதினேழா, எழுபதா? நாலாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.