எந்த வாங்கில் இருப்பது?

அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஊர், வயது, தொழில் எதுவும் சொல்லமாட்டேன். சொந்தத்தில் அக்கா இல்லை, ஆனால் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அவர் அக்காதான். பல வருடங்களாக எச்.ஐ.வியோடு வாழ்கிறார். நாளுக்கு ஒரு குளிசை. இரத்தப் பரிசோதனையில் வைரஸ் தெரியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நிற்கிறது. அந்த நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவால் மற்றவருக்குத் தொற்றாது. இதையே இன்னும் பலர் நம்பமாட்டார்கள்.

"குளிசை ஏதும் செய்யுதா அக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"குளிசை ஒண்டும் செய்யேல்ல. போத்தல்தான் பிள்ளை கரைச்சல்."

மாமியும் மச்சாளும் பிள்ளைகளும் இருக்கிற வீடு. போத்தலின் லேபிளைச் சுரண்டிவிட்டு, குலுங்கிச் சத்தம் வராமல் பஞ்சை அடைத்து, அரிசி வாளிக்குள் புதைத்து வைத்திருக்கிறார். செத்தவீட்டுக்கு இரண்டு நாள் போய்த் தங்குவதென்றால் சேலைத் தலைப்பில் முடிச்சு. இரவு எல்லாரும் படுத்த பிறகு தண்ணீர்ச் செம்போடு குசினிக்குப் போகவேண்டும். வருடக்கணக்காக ஒளித்து ஒளித்தே அவர் களைத்துப்போனார்.

அதனால்தான் நீண்டகாலம் வேலை செய்யும் ஊசியைப் பற்றிப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். கபோடெக்ராவிர், ரில்பிவிரின் என்று இரண்டு மருந்துகள், இரண்டு பக்கப் பிட்டத்திலும் ஒவ்வொரு ஊசி. அமெரிக்காவில் 2021 ஜனவரியில் மாதம் ஒருமுறை போடுவதற்கு அனுமதி கிடைத்தது, 2022இல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்றானது. 2025 ஜூலையில் உலக சுகாதார நிறுவனமும், குளிசையால் வைரஸ் கட்டுப்பட்டவர்கள் இதற்கு மாறலாம் என்று பரிந்துரைத்தது. முகநூலில் பலர் பகிர்ந்த ஆறு மாத ஊசி வேறு. அது லெனகாபாவிர். அதைப் பெரும்பாலும் தொற்று வராமல் தடுப்பதற்குத்தான் பேசுகிறார்கள், இரண்டையும் குழப்ப வேண்டாம்.

அக்காவுக்கு ஊசி பற்றிச் சொன்னபோது முகம் மலர்ந்தது. அப்புறம் கேட்டார்: "எங்க போய்ப் போடுறது? எந்த வாங்கில இருக்கிறது?"

அந்தக் கேள்வி எனக்குள்ளேயே நிற்கிறது. ஒருமுறை கிளினிக் வாசலில் ஊர்க்காரி ஒருத்தி அவரைக் கண்டு, "நீர் ஏன் இந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டார். அந்த மாதம் அக்கா மருந்து எடுக்காமலே திரும்பி வந்தார். கிளினிக்கின் பெயர்ப்பலகையைப் பார்த்தே என்ன வருத்தம் என்று தெரிந்துவிடுகிற இடத்தில் எவ்வளவு நல்ல ஊசி இருந்தாலும் ஆட்கள் உள்ளே போகத் தயங்குவார்கள்.

நம்மிடம் வழி இல்லாமல் இல்லை. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி பரவுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. கர்ப்பிணிகள் எல்லாரும் போகிற சாதாரண கிளினிக்கிலேயே இரத்தம் எடுத்தார்கள். எல்லாருக்கும் எடுத்ததால் யாருக்கும் வெட்கமில்லை. மூன்று மாதக் குடும்பக் கட்டுப்பாட்டு ஊசியும் அங்கேதான், மனநல கிளினிக்கில் மாத ஊசியும் உண்டு. எச்.ஐ.வி ஊசியையும் யாழ்ப்பாணத்தில் பருத்தித்துறை, சாவகச்சேரி, தெல்லிப்பழை, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளில் பிரஷர், சீனி வருத்தக்காரர் இருக்கிற அதே வாங்கில், அதே மாதிரிக் கொப்பியோடு கொடுக்கலாம். முதல் சில ஊசிகளும் பரிசோதனைகளும் போதனா வைத்தியசாலையில் நடக்கட்டும், தொடர்வது வெளியே.

"வீட்டுக்குக் கிட்ட கொடுத்தால் ஊருக்கே தெரியுமே" என்பார்கள். உண்மைதான். ஊசி போடுகிற மிஸ்ஸி பக்கத்து ஒழுங்கை ஆளாகவும் இருக்கலாம். அதனால்தான் எந்த இடம் என்பதை நோயாளி தெரிவு செய்ய வேண்டும் என்கிறேன். அக்கா இரண்டு பஸ் மாறியாவது தெரியாத இடத்துக்குப் போவார். இன்னொருவருக்கு வீட்டு வாசலே நல்லது.

இந்த ஊசி எல்லாருக்கும் சரிவராது. ஈரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி கிருமி உள்ளவர்களுக்கு இது மட்டும் போதாது, ஏனென்றால் வழமையான குளிசையில் இருக்கும் டெனோபோவிர் அந்தக் கிருமியையும் அடக்குகிறது. காசநோய்க்கு ரிபாம்பிசின் எடுக்கும்போதும் இதைப் போட முடியாது. குறித்த நாளுக்கு முன்பின் ஏழு நாட்களுக்குள் அடுத்த ஊசி வேண்டும். படகில்தான் வரவேண்டிய நெடுந்தீவை நினைத்துப் பாருங்கள். காற்று எழும்பி குறிகட்டுவான் துறையில் படகு ஓடாமல் நின்றால் ஏழு நாள் என்பது பெரிய இடைவெளி இல்லை. தவறவிட்டால் மருந்து உடலில் குறைந்த அளவில் நெடுநாள் தங்கி, வைரஸ் அதற்குப் பழகிவிடும் ஆபத்து உண்டு. முன்கூட்டியே தெரிந்தால் இடையில் குளிசை கொடுத்துச் சமாளிக்கலாம். ஆகவே நாள் பார்த்து, பெயர் சொல்லாமல் போன் எடுத்து ஞாபகப்படுத்த ஓர் ஆள் வேண்டும். ரில்பிவிரினுக்கு 2 முதல் 8 பாகை குளிர் வேண்டும், தடுப்பூசி வைக்கிற குளிர்சாதனப் பெட்டியின் குளிர்தான் அது.

விலைதான் பெரிய மலை. மலிவான தயாரிப்பு வரும்வரை பொறுப்போம் என்றால், வந்த பிறகு பயிற்சிக்கு இன்னும் சில வருடம் போகும். தாதியருக்கான பயிற்சியையும், ஹெப்படைட்டிஸ் பி முடிவு எல்லாருக்கும் இருக்கிறதா என்று பார்ப்பதையும் இப்போதே தொடங்க என்ன தடை?

அடுத்த கிளினிக் நாளுக்கு நானும் அக்காவோடு போகிறேன். ஹெப்படைட்டிஸ் பி முடிவு கொப்பியில் எழுதியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு இந்த ஊசியைப் பற்றி டொக்டரிடம் நேரே கேட்கப்போகிறோம்.