அருங்காட்சியகத்துக்கு ஒரு திண்ணை வேண்டும்

எழும்பூர் அருங்காட்சியகத்தை அந்தக் காலத்துச் சென்னைக்காரர்கள் 'செத்த காலேஜ்' என்பார்கள். மிருகக்காட்சிசாலை 'உயிர் காலேஜ்'. இதில் வேடிக்கை என்னவென்றால், 1855ல் பால்ஃபோர் என்ற வெள்ளைக்கார மருத்துவர் அந்த மிருகக்காட்சிசாலையைத் தொடங்கியதே அருங்காட்சியக வளாகத்துக்குள்தான். சில வருடங்களில் விலங்குகளை வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். மிச்சம் இருந்தது செத்ததாகிவிட்டது! சனங்கள் சும்மா பேர் வைப்பதில்லை.

இப்போது புதிய அருங்காட்சியகம் என்றாலே தொடுதிரை, மெய்நிகர் கண்ணாடி, ஒலி ஒளிக் காட்சி என்றுதான் பேச்சு தொடங்குகிறது. எனக்கு அவற்றின் மேல் கோபமில்லை. ஆனால் திறப்பு விழாவன்று ஒளிர்ந்த திரையில் ஒரு வருடம் கழித்து 'பழுது' என்று காகிதம் ஒட்டியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். நான் கேட்பது அதைவிடச் சின்ன விஷயம். உட்கார இடம்.

இரண்டு வருடம் முன்னால் அம்மாவை ஒரு அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். எந்த ஊர் என்பது வேண்டாம். அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது, இரண்டு முட்டியும் தேய்ந்தவை. மூன்றாவது கூடத்தில் கால் கடுத்துப்போய், ஒரு சிலை நிற்கும் மேடையின் விளிம்பில் மெதுவாக உட்கார்ந்துவிட்டார். காவலாளி ஓடிவந்தார். "பாட்டி, அங்கெல்லாம் உக்காரக் கூடாது." அம்மா நிமிர்ந்து பார்த்து, "பின்ன எங்கய்யா உக்கார?" என்றார். பாவம், அவரும் சுற்றிப் பார்த்தார். அந்தக் கூடத்தில் இருந்த ஒரே நாற்காலி அவருடையது. அதையே தூக்கிக்கொண்டு வந்து போட்டார். அன்றைக்கு அங்கே எனக்குப் பிடித்த காட்சிப்பொருள் அந்த பிளாஸ்டிக் நாற்காலிதான்.

இது புதிதாகக் கண்டுபிடித்த குறை இல்லை. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் செயலாளராக இருந்த பெஞ்சமின் கில்மன் 1916லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். நல்ல கண்பார்வையும் அருங்காட்சியகப் பழக்கமும் உள்ள ஒருவரிடம் பொருட்களைப் பற்றிச் சில கேள்விகளைக் கொடுத்து, பதில் தேடும்போது அவர் உடம்பு படும் பாட்டைப் புகைப்படமாக எடுத்தார். மனிதர் குனிகிறார், மண்டியிடுகிறார், கழுத்தை வளைக்கிறார். களைப்புக்குக் காரணம் பார்ப்பவருடைய சோம்பல் இல்லை, பெட்டியை வைத்த விதம் என்று அந்தப் படங்களே சொல்லிவிட்டன. நூறு வருடம் தாண்டியும் நம் பெட்டிகளில் பாதி, சிறு பிள்ளைக்கு எட்டாத உயரத்திலோ பெரியவர் குனிய வேண்டிய பள்ளத்திலோதான் இருக்கின்றன. சக்கர நாற்காலியில் வருகிறவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அப்புறம் கீழடி. 2023ல் திறந்த அந்த அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டுப் பாணியில் கட்டியது எனக்குப் பிடித்திருந்தது. ஒரே கூடமாக அடைக்காமல் தனித்தனிக் கட்டடங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒன்றைப் பார்த்துவிட்டு வெளியே வந்து மூச்சுவிடலாம். அங்கே அம்மா அதிக நேரம் நின்றது தங்கத்துக்கு முன்னால் இல்லை, சுடுமண் வட்டச்சில்லுகளுக்கு முன்னால். உடைந்த பானை ஓட்டைத் தேய்த்து வட்டமாக்கியவை. "இது நாங்க பாண்டி ஆடுற சில்லுல்ல? இதுக்கா கண்ணாடிப் பெட்டி?" என்றவர், பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கட்டம் போடுவதிலிருந்து ஒற்றைக் காலில் நொண்டித் தாண்டுவதுவரை கையாலேயே ஆடிக் காட்டினார். ஆசிரியை வந்து கூப்பிடும்வரை ஒரு பிள்ளையும் நகரவில்லை.

இரண்டாயிரம் வருடத்துக்கு மேற்பட்ட விளையாட்டை ஆடியவர் அங்கே பார்வையாளராக வந்திருக்கிறார். அவரைப் பேச வைக்கக் கட்டடத்தில் ஓர் இடம் வேண்டாமா? ஒரு முற்றத்தில் பாண்டிக் கட்டம் வரைந்து நாலு ஓட்டுச் சில்லு போட்டு வைத்தால் என்ன செலவாகிவிடும்?

நேரமும் ஒரு பிரச்சினைதான். நம் அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் அலுவலக நேரத்தில் திறந்து அலுவலக நேரத்தில் மூடுகின்றன. கொத்து வேலைக்குப் போகிறவரும் ஜவுளிக்கடையில் நிற்கிற பெண்ணும் எப்போது வருவார்கள்? மும்பையில் சத்ரபதி சிவாஜி அருங்காட்சியகம் 2015லிருந்து ஒரு பேருந்துக்குள் கண்காட்சி வைத்து ஊர் ஊராக ஓட்டுகிறது. நம்மிடம் இல்லாத பேருந்தா!

கட்டடக்கலைஞர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம். வரைபடத்தை முடிக்கும் முன்னால் முட்டி வலிக்காரர் ஒருவரையும், கைக்குழந்தையோடு ஒரு தாயையும் ஏற்கெனவே இருக்கும் ஏதாவது ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போய், அவர்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே சாய்கிறார்கள், கழிப்பறை எங்கே என்று எத்தனை பேரிடம் கேட்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். செட்டிநாட்டு வீட்டிலிருந்து தூணை மட்டும் எடுத்துக்கொண்டால் போதாது, திண்ணையையும் எடுக்க வேண்டும்.

அடுத்து திருநெல்வேலி ரெட்டியார்பட்டியில் பொருநை அருங்காட்சியகம் பார்க்க வேண்டும். ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கைப் பொருட்கள் என்றதும் அம்மாவும் கிளம்பத் தயார். குன்றுப் பக்கம் என்றேன். "ஏறிருவேன். உக்கார எடம் இருக்கான்னு மட்டும் விசாரிச்சுச் சொல்லு" என்கிறார். போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் கீழே சொல்லுங்கள்.