முன்காச்சியின் ஓவியங்கள் இருண்டதற்குக் காரணம் மனநோய் அல்ல

ஹங்கேரி ஓவியர் மிஹாய் முன்காச்சிக்குப் புத்தி கலங்கியதால்தான் அவர் படங்கள் இவ்வளவு இருட்டாக இருக்கின்றன என்று ஒரு பதிவு சுற்றுகிறது. தவறு.

அவர் மனநிலை பாதிக்கப்பட்டது 1896-க்குப் பிறகு. 1900-ல் ஜெர்மனியில், எண்டெனிக் மனநல மருத்துவமனையில் இறந்தார். ஆனால் மரண தண்டனைக் கைதியின் கடைசி நாளைக் காட்டும் அந்த இருண்ட ஓவியம் 1870-லேயே பாரிஸ் சலோன் என்ற பெரிய ஓவியக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கிவிட்டது.

அப்புறம் ஏன் இவ்வளவு கறுப்பு? பழுப்பு நிறங்களை அவர் விரும்பியது உண்மைதான், ஆனால் அடிப்பூச்சில் பிட்டுமென், அதாவது தார் வகைப் பொருள் கலந்தார். பூசும்போது தேன் போல மினுங்கும், ஆனால் முழுசாகக் காயவே காயாது, வருஷம் போகப்போகக் கறுத்து, மேல்பூச்சை இழுத்து முதலைத் தோல் மாதிரி வெடிக்க வைக்கும். அந்தக் காலத்தில் பல ஓவியர்கள் செய்த தவறு இது.

1890-ல் வியன்னா கலை வரலாற்று அருங்காட்சியகத்தின் படிக்கட்டுக்கு மேலே அவர் வரைந்த கூரை ஓவியத்தைப் பாருங்கள், எவ்வளவு வெளிச்சம்! பெற்றோரை இழந்து, தச்சுப் பட்டறையில் வளர்ந்து இவ்வளவு உயர்ந்தவரின் உழைப்பை நோயின் கணக்கில் எழுதாதீர்கள்.