64 ஜிபி லேப்டாப் வேண்டாமே
பள்ளிப் பிள்ளைக்கு லேப்டாப் வாங்க 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி (ஃபைல்களைச் சேமிக்கும் மலிவான சிப்) போதும் என்கிறது உங்கள் கட்டுரை. விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்சமே அதுதான் சார்! ஒரு பெரிய அப்டேட் வந்தாலே இடமில்லாமல் திணறும். இஎம்எம்சி போர்டோடு சால்டர் செய்து வருவதால் பிறகு மாற்றவும் வழியில்லை. 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) உள்ளதைப் பாருங்கள். ஐ5, ஐ7 என்ற பிராசசர் ஸ்டிக்கரை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம்.

சென்னை ரிச்சி தெருவில் பழையது வாங்குவதானால் இன்டெல் 8ஆம் தலைமுறை பிராசசருக்குக் கீழே இறங்காதீர்கள். அதற்கு முந்தைய பிராசசர்களில் பெரும்பாலானவை விண்டோஸ் 11-க்கான அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. அப்புறம், பேட்டரி தாங்குகிறதா என்று அறிய, கடையிலேயே சார்ஜரைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் பக்கத்திலேயே அடுத்த கடை இருக்கிறது.