முதலாளி கடையில் இல்லை, அதனால் என்ன?

என் ஹாட்வெயார் கடையைப் பற்றி ஒரு அண்ணன், காசு மேசைப் பிள்ளையின் படத்தோடு பேஸ்புக்கில் போட்ட பதிவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பாதிப் பேர் ஸ்க்ரீன்ஷொட் எடுத்து எனக்கே அனுப்பியும் விட்டீர்கள், நன்றி. "முதலாளி கதிர்காமத்துக்கு நடக்கிறாராம், கடையப் பெடி பெட்டையளிட்ட விட்டுட்டு. மறுகா எதுக்குக் கடை?" என்று கேட்டிருக்கிறார் அந்த அண்ணன்.

நடந்தது இவ்வளவுதான். சீமெந்தும் பைப்பும் கடனுக்குக் கேட்டார். பழைய பாக்கி தீராமல் புதுக் கடன் இல்லை என்பது கடை விதி. காசு மேசையில் வேலை செய்கிற தங்கச்சி அதைச் சொன்னார். "முதலாளிக்குப் போனைப் போடு" என்றிருக்கிறார் அண்ணன். நான் கதிர்காமப் பாதயாத்திரையில், உகந்தை முருகன் கோயில் தாண்டிக் குமணக் காட்டுக்குள் இருந்தேன். அங்கே முருகனைக் கூப்பிடலாம், வேறு யாரையும் கூப்பிட முடியாது.

நான் இல்லாமல் கடை நடந்தது. இதில் எனக்கு என்ன வெட்கம்?

அப்பா கடையை விட்டு ஒரு நல்லது கெட்டதுக்குப் போனதில்லை. வாங்கின விலையைப் பெட்டியில் எழுத்தாகத்தான் எழுதுவார். பத்து எழுத்தில் ஒரு சொல், எழுத்துக்கு ஒரு இலக்கம். பழைய யாவாரிகள் பலரிடம் அப்படியொரு இரகசியச் சொல் இருந்தது. அப்பாவின் சொல் அம்மாவுக்கும் தெரியாது. கடன் கொப்பியிலும் பெயர் இல்லை. 'பாலத்தடி மாமா', 'நீலச் சைக்கிள்' என்றுதான் இருக்கும். நெஞ்சுவலியில் அவர் விழுந்தபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று "அப்பா, முக்கால் இஞ்சி எல்போ என்ன விலை?" என்று கேட்டவன் நான். மூக்கில் ஒட்சிசன் குழாயோடு விரலால் கணக்குக் காட்டினார். 'நீலச் சைக்கிள்' யாரென்று இன்றுவரை தெரியாது. அவராக வந்து சொல்லவும் இல்லை.

அதனால்தான் இன்று எல்லாம் எழுத்தில் இருக்கிறது. விலை பொருளில் ஒட்டியிருக்கும். லாச்சிக் காசை இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்து வைப்பார்கள். எது எத்தனையாகக் குறைந்தால் ஓடர் போடுவது என்றுகூட கொப்பியில் இருக்கிறது.

"பெடியள் களவெடுப்பாங்கள்" என்பீர்கள். முதலாளி குந்தியிருக்கிற கடையில் களவே போனதில்லையா?

"சின்னக் கடைக்கு எதுக்கு இந்தக் கொம்பனி விளையாட்டு?" பெரிய கொம்பனியில் ஒருவர் படுத்தால் இன்னொருவர் வருவார். சின்னக் கடையில்தான் ஒருவர் படுத்தால் வீட்டில் உலையும் ஏறாது.

"பழகின முகம் இருந்தால்தான் யாவாரம்." சரி, இதில் நியாயம் இருக்கிறது. நம்ம ஊர் யாவாரமே முகம் பார்த்துத்தான். ஆனால் என் முகத்தைத் தேடி வருகிறவர்களில் பலர் தேடுவது முகத்தாட்சண்யத்தை. நான் இருந்தால் இல்லை என்று சொல்லக் கூச்சப்படுவேன். தங்கச்சி கூச்சப்படவில்லை, அதுதானே கோபம்?

2022இல் சாமான் விலை காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று என்று ஏறியபோது கடை முழுக்க விலையைக் கிழித்து மாற்றி ஒட்டியவர் அவர். அவருக்கு என் பங்காக சம்பளத்துக்கு 12 வீதம் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி), 3 வீதம் ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) மாதம் தவறாமல் கட்டுகிறேன். உங்களுக்கு அவர் 'பெட்டை'. நான் இல்லாத நேரம் அந்தக் கடையில் முடிவு எடுக்கிறவர் அவர்தான். நாளை நான் மேசைக்கு வந்தாலும் அவர் சொன்னதை மாற்ற மாட்டேன்.

என்னைத் திட்டுங்கள், என் படத்தைப் போடுங்கள், கடைப் பெயரையும் போடுங்கள். கேட்காமல் எடுத்த அந்தப் பிள்ளையின் படத்தை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள் அண்ணன். அவருடைய அம்மாவும் பேஸ்புக் பார்க்கிறவர்.