முடிவு தெரிந்த பின்னும் அடிக்கும் கோல்கள்
ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்கில் 2011 ஜூலையில் ஜீலாங் அணி மெல்பர்ன் அணியை 233–47 என்று, 186 புள்ளி வித்தியாசத்தில் வீழ்த்திய ஆட்டத்தைக் காட்டி, வெற்றி உறுதியான பிறகு அடிக்கும் கோல்களால் பயனில்லை எனக் கட்டுரையாளர் சொல்வதை ஏற்க முடியவில்லை. இந்த லீக்கில் இரண்டு அணிகள் ஒரே வெற்றிப் புள்ளிகளுடன் நின்றால், பருவம் முழுவதும் அடித்த மொத்தப் புள்ளிகளை எதிரணிகளுக்கு விட்டுக்கொடுத்த புள்ளிகளால் வகுத்து வரும் சதவீதமே தர வரிசையில் முன்னிடத்தைத் தீர்மானிக்கிறது. வகுத்தல் கணக்கு என்பதால், தோற்கும் அணி கடைசி நிமிடத்தில் தடுக்கும் ஒரு கோல்கூட, அதாவது ஆறு புள்ளிகள், ஏட்டில் பதிவாகிறது. 2017-இல் இதே மெல்பர்ன் அணி வெஸ்ட் கோஸ்ட் அணிக்குச் சமமாக 12 ஆட்டங்களை வென்றிருந்தும், வெறும் 0.5 சதவீதக் குறைவால் எட்டாம் இடத்தை இழந்து இறுதிச் சுற்றுகளுக்கு வெளியே நின்றது. அந்தப் பருவத்தில் எங்கோ ஓர் ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியில் அலட்சியமாக விட்ட இரண்டு மூன்று கோல்களே (பார்வையாளர்களில் பாதிப் பேர் எழுந்து போயிருக்கக்கூடிய நேரத்தில்) அந்த இடைவெளிக்குப் போதுமானவை. பெரிய வெற்றி கோப்பைக்கு முன்னறிவிப்பு என்ற அவருடைய இன்னொரு கருத்தும் பாதிதான் சரி: ஜீலாங் அந்த ஆண்டு கோப்பையை வென்றது உண்மை, ஆனால் 1979-இல் மெல்பர்னையே 190 புள்ளி வித்தியாசத்தில் வீழ்த்தி, மிகப் பெரிய வெற்றிக்கான சாதனையை இன்றுவரை வைத்திருக்கும் ஃபிட்ஸ்ராய் அவ்வாண்டு இறுதிப் போட்டியைக்கூட எட்டவில்லை, கோப்பை கார்ல்டனுக்குப் போனது.