மூன்று நாளில் காலி செய்யச் சொன்னால் யாரிடம் போவது?

சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் படுக்கையறையை மாதம் 850 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்த பெண்மணி ஒருவரை, நான் மொழிபெயர்ப்பாளராகத் தொண்டு செய்யும் இலவசச் சட்ட ஆலோசனைக் கூடத்தில் சில மாதங்களுக்கு முன் சந்தித்தேன். மலேசியாவின் ஜொகூரிலிருந்து வேலை அனுமதிச்சீட்டில் வந்து உணவுக்கடைச் சமையலறையில் வேலை பார்ப்பவர். "மூணு நாள்ல ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்கண்ணே, ஒரு மாச வாடகைகூட நான் பாக்கி வைக்கல" என்று சொல்லிக் கைப்பேசியை நீட்டினார். வீட்டுக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி ஆங்கிலத்தில் இரண்டே வரி.

எழுதிய ஒப்பந்தம் இருக்கிறதா என்று வழக்கறிஞர் கேட்டார். கைப்பைக்குள் நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. யார் விலகுவதானாலும் ஒரு மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்று அதில் இருவரும் கையெழுத்திட்டிருந்தார்கள். அடுத்து, முத்திரைத் தீர்வை, அதாவது ஒப்பந்தத் தாளுக்காக அரசுக்குச் செலுத்தும் வரி, கட்டியாயிற்றா என்று கேட்டார். அப்படி ஒன்று இருப்பதே அந்தப் பெண்மணிக்குத் தெரியாது. ஓராண்டுக்கு மொத்த வாடகை 10,200 வெள்ளி, அதில் 0.4 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 40 வெள்ளிதான். கையெழுத்திட்ட 14 நாள்களுக்குள் அதைக் கட்டாமல் விட்டால், பிறகு அபராதத்துடன் கட்டும்வரை அந்தத் தாளை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. அறை வாடகைக்கு எடுக்கும் நம்மவர்களில் எத்தனை பேர் இதை அறிந்திருக்கிறார்கள் என்று எண்ணும்போதே எனக்கு வேதனையாக இருக்கிறது.

நியாயம் அவர் பக்கம்தான் என்று இருபதே நிமிடங்களில் தெளிவாகிவிட்டது. ஆனால், அதை வீட்டுக்காரரிடம் யார் சொல்வது? இத்தகைய கூடங்களில் ஆலோசனை மட்டுமே கிடைக்கும். கடிதம் எழுதித் தருவதோ வழக்கை எடுத்து நடத்துவதோ இல்லை. அவருக்கு ஆங்கிலத்தில் நாலு வரி எழுதத் தெரியாது. மூன்றாம் நாள் வேலை முடிந்து திரும்பியபோது அவருடைய பைகள் வாசலுக்கு வெளியே தாழ்வாரத்தில் அடுக்கப்பட்டிருந்தன.

இலவசச் சட்ட உதவி சிங்கப்பூரில் இல்லை என்று நான் சொல்லவில்லை. 1958 முதல் இயங்கும் சட்ட உதவிப் பிரிவு, வசதியற்ற குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரிமையியல் வழக்குகளில் உண்மையாகவே கைகொடுக்கிறது. ஆனால் வேலை அனுமதிச்சீட்டில் இருப்பவர் அந்த வட்டத்துக்குள் வரமாட்டார். புரோ போனோ எஸ்ஜி, அரசு நீதிமன்றங்களில் செயல்படும் சமூக நீதி நிலையம் போன்ற அறநிறுவனங்களில் தங்கள் நேரத்தைக் கொடுக்கும் வழக்கறிஞர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. என் மனக்குறை, அந்த உதவி வந்து சேரும் நேரத்தைப் பற்றியது.

குறைந்த வருமானமுள்ள குடியிருப்பாளர்கள் வெளியேற்ற வழக்கைச் சந்திக்கும்போது அவர்களுக்கு வழக்கறிஞர் கிடைக்க வழிசெய்யும் சட்டத்தை நியூயார்க் நகரம் 2017ல் இயற்றியது. சிலர் அதை இங்கும் கொண்டுவர வேண்டும் என்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அங்கே வீட்டைக் காலி செய்ய வைப்பதற்கு நீதிமன்றப் படியேற வேண்டும். அந்தப் படியில் ஒரு வழக்கறிஞர் காத்திருந்தால் பயன் உண்டு. இங்கே ஓர் அறையில் குடியிருப்பவரின் வெளியேற்றம் பெரும்பாலும் ஒரு வாட்ஸ்அப் செய்தியிலும் மாற்றப்பட்ட பூட்டிலும் முடிந்துவிடுகிறது. 1947ல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 2001ல் நீக்கப்பட்டுவிட்டதால், தனியாரிடம் வாடகைக்கு இருப்பவருக்குப் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் துணை. வீவகவில் தம் பெயர் முறைப்படி பதிவாகியிருக்கிறதா என்பதே தெரியாமல் குடியிருப்பவர்கள், புகார் செய்தால் பழி தம் மேலேயே திரும்பிவிடுமோ என்று அஞ்சி வாயைத் திறப்பதில்லை.

அந்தப் பெண்மணி பிறகு தம் முன்பணத்தைக் கேட்டுச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போனார். இரண்டாண்டுக்கு மேற்படாத குடியிருப்பு ஒப்பந்தங்கள் தொடர்பான 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும்; அவருடையதைப் போன்ற சிறு தொகைக்குக் கட்டணம் 10 வெள்ளிதான்; வழக்கறிஞர் வைத்துக்கொள்ள அனுமதி இல்லாததால் ஏழைக்கும் அங்கே சம இடம். பணம் திரும்பக் கிடைத்தது. அறை கிடைக்கவில்லை. இப்போது அவர் நாள்தோறும் விடியுமுன் எழுந்து, ஜொகூரிலிருந்து உட்லண்ட்ஸ் எல்லைச் சோதனைச்சாவடியைக் கடந்து வேலைக்கு வந்து போகிறார்.

ஆகவே, நான் கேட்பது ஒன்றே. ஆலோசனை சொல்லும் வழக்கறிஞருக்குப் பக்கத்தில் இரண்டாவது மேசை ஒன்று வேண்டும். ஒப்பந்தத்தின் எந்த வரியை வீட்டுக்காரர் மீறுகிறார், எத்தனை நாள் அவகாசம் தரக் கடமைப்பட்டிருக்கிறார் என்பதைப் பணிவான ஆங்கிலத்தில் எழுதி, வழக்கறிஞர் பார்த்துத் திருத்திய பின், குடியிருப்பவர் அன்று மாலையே தம் கைப்பேசியிலிருந்து அனுப்ப உதவும் மேசை. அனுப்பியது என்ன என்பது அவருக்கே விளங்கும்படி தமிழில் ஒரு பிரதியும் கையில் தர வேண்டும். தவறாக எழுதிவிட்டால் பொறுப்பு யாருடையது என்று நான் தொண்டு செய்யும் கூடத்தில் கேட்கிறார்கள்; அந்தத் தயக்கம் நியாயமானது என்பதால்தான் வழக்கறிஞரின் பார்வை கட்டாயம் என்கிறேன். உட்கார ஆள் இல்லை என்று மட்டும் சொல்ல முடியாது: எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருவர் சனிக்கிழமைகளில் வரச் சம்மதித்திருக்கிறார்கள், நானும் வருவேன்.